மால்ம்கிரேனின் தொப்பி

வாப்பு என்கிற மே முதல் தேதி விழா அன்று காலை ஆறு மணிக்குப் போய்க் குன்றில் இடம் பிடிப்பது என் வேலை. நாற்பத்தெட்டு வருடமாக என் வேலைதான். மற்றவர்கள் எட்டரைக்கு ஆடி அசைந்து வருவார்கள். போர்வையில் காலை நீட்டிக்கொண்டு, "இந்த வருஷமும் நல்ல இடம் கிடைச்சுது" என்பார்கள், ஏதோ இடம் தானே முளைத்து இவர்களுக்காகக் காத்திருந்தது போல. நட்சத்திரம் பார்க்கும் கூடத்துக்குக் கீழே, கடல் பக்கம், முதுகு சாய்க்க வாகான ஒரு பாறை இருக்கிறது. ஆறு மணிக்கு வந்தால் அது நம்முடையது. ஆறே காலுக்கு வந்தால் கல்லூரிப் பிள்ளைகளுடையது. அவர்கள் முந்தின நாள் சாயங்காலம் மீன் சந்தையில் வெண்கலப் பெண் சிலை மன்தாவைக் குளிப்பாட்டித் தொப்பி போட்டுவிட்டு, அதற்குப் பிறகு தூங்காமல் நேராக இங்கே வந்துவிடுகிற கூட்டம்.

இந்த வருடம் மூன்று டிகிரி. கடலிலிருந்து காற்று. மழையும் பனியும் சேர்ந்து, இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் விழுந்துகொண்டிருந்தது. ஹெல்சிங்கியில் மே மாதம் முதல் தேதி வசந்தம் வந்துவிட்டது என்று எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொள்கிறோமே தவிர, வசந்தத்தை யாரும் கேட்பதில்லை.

போர்வையை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, நடுவில் நான் உட்கார்ந்தேன். தலையில் வெள்ளைத் தொப்பி. கறுப்பு விளிம்பு, முன்னால் பொன்னிறத்தில் சின்ன யாழ். பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்கள் மட்டும் போடுகிற தொப்பி. வருடம் முழுவதும் அலமாரியில் கிடந்து வாப்புக்கு மட்டும் வெளியே வரும். பழசாகிப் பழுப்பேறினால் மதிப்பு கூடும். அன்று குன்றில் இருந்தவற்றில் என்னுடையது நன்றாகவே பழுத்திருந்தது.

என்னுடையது என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அதுதான் சங்கடமே. அந்தத் தொப்பி என்னுடையது இல்லை.

எழுபத்து மூன்றாம் வருடம் வசந்தத்தில், கோத்கா ஊரில், எல்லாரும் எழுதியே ஆக வேண்டிய ஸ்வீடிஷ் பாடத்தில் நான் தோற்றுப்போனேன். மற்ற எல்லாவற்றிலும் தேறினேன். ஸ்வீடிஷில் போய்விட்டது. இலையுதிர்காலத்தில் மறுபடி எழுதலாம் என்றார்கள். அந்த மொழியைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹெல்சிங்கி வந்து டிராமில் நடத்துநராகச் சேர்ந்தேன். பிறகு ஓட்டுநர், அப்படியே ஓய்வு வரைக்கும். வேலையில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வாப்பு வந்தால் மட்டும் வயிறு எரியும். ஊரே வெள்ளைத் தொப்பியோடு என் டிராமில் ஏறும். நான் சீருடைத் தொப்பியோடு சீட்டுக் கிழிப்பேன்.

எழுபத்தைந்தில், வாப்புக்கு முதல் நாள் சாயங்காலம், மூன்றாம் எண் டிராம் கடைசி நிறுத்தத்தில் காலியானபோது பின் இருக்கையில் ஒரு வெள்ளைத் தொப்பி கிடந்தது. உள்ளே நீல வெள்ளைப் பட்டு. பட்டில் நூலால் பெயர் தைத்திருந்தது: எ. மால்ம்கிரேன். வேடிக்கையைப் பாருங்கள், ஸ்வீடிஷ் பெயர். தொலைந்த பொருள் அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். அலுவலகம் மறுநாள் விடுமுறை. ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரவே பெயர் மேல் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்தேன்.

மறுநாள் இதே குன்று. அன்றைக்கும் இதே போலக் காற்று. பலூன்காரர்களும் பாடகர் குழுவும் சேறுமாக இருந்தது. இந்தப் பாறையில் ஒரு பெண் உட்கார்ந்து ஒரு புட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாப்புக்கு வீட்டில் போடுகிற சிமா, எலுமிச்சையும் சர்க்கரையும் புளித்த பானம். உள்ளே போட்ட உலர்திராட்சை மேலே மிதந்தால் பதம். அவள் புட்டியில் பாதி மிதந்தது, பாதி அடியில் கிடந்தது.

"கொஞ்சம் இதப் பிடிங்களேன்," என்றாள்.

பிடித்தேன். அவள் மூடியைத் திருகினாள். மூடி பறந்து வந்து என் தொப்பியைத் தட்டிவிட்டது, பின்னாலேயே சிமா. தொப்பியைச் சேற்றிலிருந்து எடுத்தாள். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. அவள் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, தொப்பிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எந்த வருஷம்?"

"எழுபத்து மூணு," என்றேன். "கோத்கா."

அவ்வளவுதான். இரண்டு சொல். சொல்லும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அவள்தான் கைசு. அடுத்த வருடம் கல்யாணம். போர்வோ ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் மகள், தானும் ஆசிரியை. எங்கள் வீட்டில் எல்லா மேசையிலும் பள்ளிக் காகிதங்கள் கிடக்கும். என் காப்பிக் கோப்பை எப்போதும் ஏதோ ஒரு காகிதத்தின் மேல்தான் இருக்கும். தொப்பியில் அந்தக் கறையை மட்டும் கழுவக் கூடாது என்று அவள் உத்தரவு. "அதுதான் நம்ம கல்யாணப் பத்திரம்" என்பாள். கழுவுவதற்காக அவள் கையில் நான் தொப்பியைக் கொடுத்தால்தானே! உருளைக்கிழங்கு மாவு போட்டுத் தேய்த்து நானே சுத்தம் செய்து, நானே அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவேன். மனைவி சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்கிற நல்ல கணவன் என்று ஓர்வோக்கி என்னைப் புகழ்ந்திருக்கிறாள்.

ஓர்வோக்கி கைசுவின் கல்லூரித் தோழி. அவள் கணவன் சுலேவி, ஓய்வு பெற்ற பல் மருத்துவன். நாங்கள் நால்வரும்தான் இந்தப் பாறையின் குடிகள். அவர்கள் எனக்கும் நண்பர்கள்தான். என் பக்கத்து நண்பர்கள் என்று யாரும் இல்லை, ஏனென்றால் என் பக்கத்து நண்பர்களுக்கு எல்லாம் தெரியும். கோத்கா பையன் ஒருவன் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். மால்ம்கிரேனையும் மறந்ததில்லை. ஒவ்வொரு வாப்புக்கும் என் வயதில் ஒருவன் வெறுந்தலையோடு இந்தக் குன்றில் நடந்தால் இவன்தானோ என்று கண் போகும். ஒரு வருடமாவது அவன் என்னால் வெறுந்தலையோடு நின்றிருப்பான்.

இப்படியே ஓடியிருக்கும். கெடுத்தது சுலேவி. தேர்வு முடித்து ஐம்பது வருடம் ஆனவர்களைப் பழைய பள்ளி வசந்த விழாவுக்கு அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்து ரோஜாப்பூ கொடுப்பது வழக்கம். சுலேவிக்குப் போன வருடம் கொடுத்தார்கள். அந்தப் பூவோடு அவன் நிற்கிற மூன்று படங்கள் அவன் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன, கழிப்பறைக்குப் போகிற வழியில், தப்பவே முடியாது. போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டேய் இல்போ, எழுபத்து மூணுதானே நீ? கடுதாசி வந்துச்சா?"

"வரலை."

"அப்ப தபால்ல எங்கேயோ போயிருக்கும். விடு, நான் பாத்துக்கறேன். வாப்பு முடிஞ்ச மறுநாள் கோத்கா பள்ளிக்கூடத்துக்கு நானே போன் போட்டு உன் பேரைச் சேர்த்துடறேன். நாங்க எல்லாரும் வர்றோம். வேன்கூடச் சொல்லியாச்சு!"

"எதுக்குடா இதெல்லாம்," என்றேன்.

"நீ பேசாதே. உனக்குக் கூச்சம்."

 பள்ளியில் அந்த வருடத்துப் பட்டியலைப் பார்ப்பார்கள். அப்படி ஒருவர் இல்லையே என்பார்கள். அதை சுலேவி வாயால் கைசு கேட்பாள். எழுபது வயதில் மனைவி என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போகும். அந்த ஒரு பயத்தில் நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே வாப்பு அன்று, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், கைசு தனியாக வருகிற அந்த அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காலை ஆறிலிருந்து அந்தப் பாறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். பக்கத்துப் போர்வையில் கழுத்திலிருந்து கால்வரை ஒரே வண்ண உடுப்பு மாட்டிய ஒரு கல்லூரிப் பெண் என்னைக் கவலையோடு பார்த்து, "சூடா ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றாள்.

கைசு எட்டு மணிக்கு வந்தாள். தொப்பி, மழைச்சட்டை, கையில் பிரம்புக்கூடை. கூடையில் என்ன எந்த வரிசையில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேலே சர்க்கரை புரட்டிய வாப்பு பன்கள், முறுக்குப் பிழிவது போல எண்ணெயில் பிழிந்தெடுத்த இனிப்பு, உருளைக்கிழங்கு சாலட், மீன் ஊறுகாய். அடியில் குவளைகள். ஓரத்தில் சிமா புட்டி, குவளைகளோடு இடிபடாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு நீலக் கம்பளித் துணி. புட்டிகள் மாறியிருக்கின்றன. நீலத் துணி மட்டும் எனக்குத் தெரிந்து எப்போதும் அதே துணிதான்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். "பேயறைஞ்ச மாதிரி."

"குளிர்," என்றேன்.

"அப்ப குதி."

"கைசு..."

"என்ன?"

"ஊறுகாய் எடுத்துட்டு வந்தியா?"

"என்னைக்கு எடுத்துட்டு வரலை?"

மென்று முழுங்கினேன். அரைமணி நேரம் ஊறுகாய், வானிலை, டிராம் கூட்டம் என்று பேசித் தீர்த்தேன். சுலேவியும் ஓர்வோக்கியும் வந்துவிட்டார்கள். சுலேவி வந்ததுமே என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"என்ன கோத்காக்காரரே, கோட்டு சூட்டெல்லாம் தயாரா? நாளைக்குக் காலைல முதல் வேலை போன்தான்!"

ஒன்பது மணிக்குக் கொடி ஏறியது. பாடகர் குழு பாடத் தொடங்கியது. எத்தனை வருடம் கேட்டாலும் எனக்கு அலுக்காத நேரம் அது. ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொப்பிகள், அதற்கு அப்பால் சாம்பல் நிறக் கடல், காற்றில் பிய்ந்து வருகிற பாட்டு. அன்று இருபத்திரண்டு வயதில் சேற்றுச் செருப்போடு என் பக்கத்தில் நின்றதும் இதே கைசுதான். அந்த நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. பொய்யெல்லாம் தலைக்கு மேல்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. எல்லாரும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். எல்லாரும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை மேலே போகவில்லை.

"போட்டுக்கடா, மண்டை உறைஞ்சிடும்," என்றான் சுலேவி.

"இது என்னுதில்ல சுலேவி."

"மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?"

"ஆமா. எழுபத்தஞ்சுல."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உள்பட்டில் நான் தைத்த துண்டுத் துணியை நகத்தால் பிய்த்தேன். நூல் மக்கிப்போயிருந்தது, சுலபமாக வந்துவிட்டது. மால்ம்கிரேன் என்ற பெயர் புத்தம் புதிதாக இருந்தது. வெயிலே படாத பெயர் அல்லவா.

சொன்னேன். ஸ்வீடிஷ் பரீட்சை, டிராம், பின் இருக்கை, எல்லாவற்றையும். காலையிலிருந்து மனப்பாடம் செய்ததில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் போன் போடாதே, அங்கே என் பேர் இருக்காது" என்று முடித்தேன். கைசுவைத் தவிர எல்லாரையும் பார்த்துச் சொன்னேன்.

ஓர்வோக்கியின் கையில் பாதி கடித்த பன் அப்படியே நின்றது. முதலில் வாயைத் திறந்தது சுலேவி.

"அப்ப... வேன்?"

"வேன்ல போய்க் கடலைப் பாத்துட்டு வருவோம்," என்றாள் ஓர்வோக்கி. "நீ கொஞ்சம் சும்மா இரு."

 கைசு கூடையின் முன்னால் குனிந்து குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான்கு. கடைசிக் குவளையைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். 

"கைசு," என்றேன். "ஏதாவது சொல்லு."

"உங்க அம்மா சொன்னாங்க," என்றாள், நிமிராமலே.

"என்ன சொன்னாங்க?"

"கல்யாணத்தன்னைக்கு. சமையலறையில உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே. 'பையன் ஸ்வீடிஷ்ல போயிட்டான், வெட்கப்படறான். நீயாக் கேக்காதே. ஒரு வருஷத்துக்குள்ள அவனே சொல்லிடுவான்'னு."

"அம்மா போயே முப்பது வருஷம் ஆச்சு."

"அதான். அவங்க கணக்கு கொஞ்சம் தப்பிப்போச்சு."

 பாறையில் உட்கார்ந்தேன்.

"அப்ப உனக்கு முதல்லேர்ந்தே..."

"உன் காப்பிக் கோப்பைக்கு அடியில என்ன காகிதம் இருந்துச்சுன்னு ஒரு நாளாவது பாத்தியா மனுஷா? மாலைப் பள்ளி விளம்பரம். ஒவ்வொரு இலையுதிர்காலத்துக்கும் ஒண்ணு வைப்பேன். வேலை பாக்கறவங்க சாயங்காலம் வந்து பரீட்சை எழுதலாம்னு பெரிய எழுத்துல போட்டிருக்கும். நீ அதுமேல காப்பி வட்டத்தைப் பதிச்சுட்டு டிப்போவுக்குப் போயிடுவே. பதினோரு வருஷம் வைச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

"கோபமா?"

"ஆமா, கோபம்தான்." இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "தொப்பிக்கு இல்ல. தொப்பி போனாப் போகுது. ஒரு பரீட்சைல தோத்தவனை விட்டுட்டுப் போற ஜென்மம்னு என்னை நினைச்சே பாரு, அதுக்கு. இத்தனை வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு அப்படி நினைச்சே பாரு."

 தப்பு என் மேல்தான். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. மழை வெறுந்தலையில் விழுந்து காதுக்குப் பின்னால் இறங்கியது. நாற்பத்தெட்டு வருடம் ஒருத்தியிடம் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நாற்பத்தேழு வருடம் ஒருத்தியைக் காக்கவைத்திருக்கிறேன். அதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது, சுலேவி பார்க்கிறான் என்றுகூடத் தோன்றவில்லை.

கைசு புட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீலத் துணியைச் சுற்றுச் சுற்றாக உருவினாள். உதறினாள். மடிப்பு பிரிந்ததும் அது துணி இல்லை என்று தெரிந்தது. கம்பளிக் குல்லாய். பின்னல் பின்னலாக, காதை மூடுகிற விளிம்போடு, உச்சியில் ஒரு சின்னக் குஞ்சம்.

"இது..."

"கல்யாணமான முதல் வருஷம் பின்னினது," என்றாள். "நீ அந்தத் தொப்பியைக் கழட்டுற அன்னைக்குத் தலை குளிருமேன்னு. ஒவ்வொரு வாப்புக்கும் கொண்டு வந்துட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போறேன். நீ பாட்டுக்குப் புட்டித் துணி புட்டித் துணின்னு சொல்லிக்கிட்டு இருந்தே."

எழுந்து வந்து என் தலையில் மாட்டினாள். இரண்டு கையாலும் காது வரைக்கும் இழுத்துவிட்டாள், கொஞ்சம் கோபத்தோடுதான், வலித்தது. எலுமிச்சையும் சர்க்கரையும் நாற்பத்தேழு வருடத்துச் சிமா வாசமும் மூக்கில் ஏறின.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல," என்றேன்.

"அப்ப சிமாவை ஊத்து. திராட்சை எல்லாம் மிதக்குது."

சுலேவி தன் குவளையை நீட்டினான். கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "குஞ்சம் உனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அன்று நாங்கள் நிறையச் சாப்பிட்டோம். ஒரு வாரப் பசி எனக்கு.

மத்தியானம் நானும் கைசுவும் மூன்றாம் எண் டிராமில் வீடு திரும்பினோம். குல்லாய் என் தலையில் இருந்ததால் காலிப் புட்டி குவளைகளோடு இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. கைசு அதை ஒன்றும் செய்யவில்லை. தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தொப்பி என் மடியில் இருந்தது. அவள் அந்த மஞ்சள் கறையை ஒரு விரலால் தடவினாள்.

"அவங்க இதைக் கழுவிடுவாங்களா?"

"தெரியலை. வேணும்னா வைச்சுக்கலாம், கைசு."

 "வேணாம்," என்றாள். "அந்த மனுஷனுக்கும் ஒரு வீடு இருக்கும். யாராவது தேடியிருப்பாங்க."

நிறுத்தத்தில் டிராம் நின்றதும் முன்னால் போய் ஓட்டுநரின் கதவைத் தட்டினேன், இரண்டு தட்டு, எங்கள் காலத்தில் தட்டுகிற மாதிரி. கதவு கொஞ்சம் திறந்தது. என் மகள் வயதில் ஒரு பெண், கன்னத்தில் வாப்புக் காகிதப் பொட்டு ஒட்டியிருந்தது.

"வண்டியில கிடந்துச்சு," என்று தொப்பியை நீட்டினேன். "பின் சீட்டுல. உள்ளே பேர் இருக்கு."

அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எப்போ கிடைச்சுது?"

"வாப்புக்கு முதல் நாள் சாயங்காலம்."

"நேத்தா?"

நான் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டேன். பின்னாலிருந்து கைசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "அதுக்குக் கொஞ்சம் முந்தி."